நிவால்தோவின் ஆடுகள்

அந்த வருஷத்துப் பனியைப் பற்றி எங்கள் பாஹோ ஓந்தோ பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும், எத்தனை ஆடு செத்தது, எந்த வீட்டுக் கூரை விழுந்தது என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு வந்தாலே லிசாந்த்ரோவின் மேல் கோபம்தான் வரும். தன் வேலியில் சிக்கிய பக்கத்து வீட்டு ஆட்டைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருகிற மனிதன் அவன். அப்பேர்ப்பட்டவன் சொந்த மகள் விஷயத்தில் மட்டும் திருடனானான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் எர்மினியா. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள சுகாதார நிலையம் என் பொறுப்பு. காய்ச்சல், பிரசவம், கோடாலி வெட்டு எல்லாம் என்னிடம்தான் வரும். கூடவே ஒரு வயர்லெஸ் பெட்டியும் என் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. யாருக்காவது செய்தி சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். நான் நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்வேன், அவர்கள் வானொலி நிலையத்துக்குச் சொல்வார்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்பாளர் அதை வாசிப்பார். "பாஹோ ஓந்தோ செலெதோனியோவுக்கு: மாமியாருக்கு ஆபரேஷன் முடிந்தது. வெள்ளிக்கிழமை பாலத்தருகே குதிரையோடு நிற்கவும்." இந்த மாதிரி. செலெதோனியோவுக்குச் சொல்கிற செய்தியைப் பள்ளத்தாக்கே காது கொடுத்துக் கேட்கும். யார் வீட்டு மாமியாருக்கு எங்கே வலி என்பது வரைக்கும் எங்களுக்குள் ரகசியம் கிடையாது.

லிசாந்த்ரோவின் மகள் ரொசேந்தாவுக்கு அப்போது பதினாறு வயது. எட்டாவது முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் ஆள் வேண்டுமாம். அண்ணன் நிவால்தோ கோய்ஹைக்கே நகரத்தில் டயர் கடையில் இருந்தான். அவன் விட்டுப்போன பூட்ஸைத்தான் இவள் போட்டிருந்தாள். பெரிது, அதனால் விரல் பக்கம் கம்பளியை அடைத்துக்கொள்வாள். குளிர்காலத்தில் அந்த வீட்டில் முதலில் எழுவது அவள்தான். அடுப்பை மூட்டி, தொட்டியில் உறைந்த தண்ணீரைக் கோடாலியால் உடைத்து, எருதுகளுக்குப் புல் போட்டு, விறகு பிளந்து, பனியில் இடுப்பு வரை புதைந்துகொண்டே புல்கட்டைச் சுமந்து ஆட்டுப் பட்டிக்குப் போவாள். கையெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். என்னிடம் களிம்பு வாங்க வருவாள். களிம்பை வாங்கிக்கொள்வாளே தவிர, வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"உங்கப்பனுக்குக் கை இல்லையாடி?" என்று கேட்பேன்.

"அவருக்கு முதுகு வலி அத்தை."

"வாய்க்கு ஒண்ணும் இல்லையே? நல்லாத்தானே வெரட்டுறான்?"

சிரிப்பாள். அவள் சிரித்தால்தான் பதினாறு வயது என்று தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய் செத்த குட்டியை வீட்டிலுள்ள பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். அடுப்பங்கரையில் வைத்து, பாட்டிலில் துணி சுற்றிப் பாலூட்டி அந்தப் பிள்ளை வளர்த்தால், குட்டி அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். அது ஈனுவதும் அந்தப் பிள்ளைக்கே. அப்பன்கூடக் கேட்டுத்தான் தொட வேண்டும். ரொசேந்தாவுக்கு அப்படிக் கிடைத்த முதல் குட்டி பெலூசா. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவாள். அம்மா ஒர்ஃபெலினா காலையில் இரண்டையும் சேர்த்துத் திட்டுவாள். பெலூசாவுக்குப் பிறகும் அநாதைக் குட்டிகள் சில வந்தன. அவை பெருகி, பதினாறு வயதில் அவளுக்கென்று ஒரு சின்ன மந்தையே இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆற்றின் மேல்கரையில் தனியாகப் பட்டி போடப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு இரண்டு நாய் போதும், கல்யாணம் பிறகு பார்க்கலாம் என்பாள். நிலம் மகனுக்குத்தான் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். அவளுக்கென்று இருந்தது அந்த ஆடுகள் மட்டும்தான்.

யாருடைய ஆடு என்பதற்குக் காதுதான் சாட்சி. கோடையில் ஒரு நாள் குட்டிகளையெல்லாம் பட்டியில் அடைத்து, வீட்டுக்காரர் கத்தியால் காதில் அடையாளம் வெட்டுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு வெட்டு. ரொசேந்தாவுடையது இடது காதின் அடியில் ஒரு பிறை. நிவால்தோவுடையது காது நுனியில் இரட்டைப் பிளவு. வெட்டின காதை யாராலும் ஒட்ட வைக்க முடியாது. அடுத்தவன் ஆட்டின் காதில் தன் வெட்டைப் போட்டவனை எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள், மாத்தே பானம் கொடுக்க மாட்டார்கள். கொலைகாரனுக்காவது ஒரு குவளை கிடைக்கும்.

அந்தக் கோடையில் காது வெட்டும் நாளுக்கு நானும் போயிருந்தேன். நிவால்தோ நகரத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து வேலியின் மேல் உட்கார்ந்திருந்தான். பட்டிக்குள் இறங்கினால் ஷூவில் புழுக்கை ஒட்டுமாம். லிசாந்த்ரோ அவனையே பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் பெண்கள் சமையலறையில் மாவு பிசைந்து ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தோம். பொம்பளைகளுக்குப் பட்டியில் என்ன வேலை என்பது லிசாந்த்ரோவின் கொள்கை. பனி விழுந்தால் மட்டும் அந்தக் கொள்கை எங்கேயோ போய்ப் படுத்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே மந்தையை மலை மேய்ச்சலுக்கு ஏற்றிவிட்டார்கள். ரொசேந்தா குட்டிகளின் காதைப் பார்க்கவே இல்லை.

பனி அந்த வருஷம் சீக்கிரம் வந்தது. மலையிலிருந்து ஆடுகளை அவசர அவசரமாக இறக்கி, பாதி வழியில் காட்டோரம் விட்டுவிட்டு, மேய்ச்சலுக்கு வைத்திருந்த வேலைக்காரன் ஓடி வந்துவிட்டான். பிறகு இரவும் பகலும் கொட்டியது. வேலிக் கம்பங்கள் மறைந்தன. வானம் வெளுத்தபோது மந்தையைக் காணோம்.

ரொசேந்தாதான் எருதுகளைப் பூட்டி, பின்னால் ஒரு மரத்தடியைக் கட்டி இழுத்து, பனியை மிதித்து மிதித்துப் பாதை போட்டாள். ஒரு நாள் முழுக்க இழுத்தால் கூப்பிடு தூரம்கூடப் போக முடியாது. லிசாந்த்ரோ பின்னால் நீளக் கம்போடு வந்தான். பனிக்கு அடியில் ஆடு இருந்தால் மூச்சுக்காற்று மேலே சின்ன ஓட்டை போட்டிருக்கும், ஓரம் மஞ்சளாக இருக்கும். நாய் அங்கே போய்ப் பறண்டும். தோண்டினால் குழிக்குள் ஆடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். பசி தாங்காமல் ஒன்றின் கம்பளியை ஒன்று தின்று, தோல் தெரிய நிற்கும். பார்க்கச் சகிக்காது.

முதல் குழியிலிருந்து ரொசேந்தா தூக்கிய குட்டியை அவளுக்கு நன்றாகத் தெரியும். முழங்காலில் கறுப்புப் புள்ளி, பெலூசாவின் குட்டி. காதில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட்டு முகத்தோடு அணைத்துக்கொண்டவள் அப்படியே நின்றுவிட்டாள். காது நுனியில் இரட்டைப் பிளவு.

அடுத்த குட்டியைத் தூக்கினாள். இரட்டைப் பிளவு. அதற்கடுத்ததும் அப்படியே. அவளுடைய ஆடுகள் அந்த வருஷம் ஈன்ற குட்டிகள் எல்லாவற்றின் காதிலும் அண்ணன் பெயர்.

"அப்பா, இது என்ன?" என்று கேட்டிருக்கிறாள்.

"என்ன என்ன?"

"இது பெலூசாவோட குட்டி. இதுக்கு ஏன் அண்ணன் வெட்டு?"

"கூட்டத்துல கவனிக்காம வெட்டியிருப்பேன். இப்பப் போய் இதப் பேசிக்கிட்டு... தூக்குடி, சாகப்போவுது."

தூக்கினாள். அத்தனையையும் தூக்கினாள். கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோதுதான் அடுத்தது நடந்தது. கொட்டகையில் இடம் கொஞ்சம், காய்ந்த புல்லும் கொஞ்சம். லிசாந்த்ரோ வாசலில் நின்றுகொண்டு ஒவ்வோர் ஆடாகக் காதைத் திருப்பிப் பார்த்தான். தன்னுடையதும் மகனுடையதும் உள்ளே. பிறை வெட்டு வெளியே.

"நிவால்தோ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கெழட்டு ஆடுங்கதானே உன்னோடது. வேலியோரம் நிக்கட்டும், தாங்கும்."

தாங்கவில்லை. மறுநாள் காலையில் பெலூசா வேலியோரம் நின்றபடியே விறைத்துச் செத்திருந்தது. அது பெற்ற குட்டி உள்ளே கதகதப்பாக நிவால்தோவின் பெயரில் புல் தின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் ரொசேந்தா என் வாசலுக்கு வந்தாள். குதிரையும் இல்லை, ஒன்றும் இல்லை, நடந்தே வந்திருக்கிறாள். புருவமெல்லாம் ஐஸ். உள்ளே இழுத்து அடுப்பருகே உட்கார வைத்து, மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு சேதி அனுப்பணும் அத்தை" என்றாள்.

"யாருக்கு?"

"எங்கண்ணனுக்கு."

சொன்னாள். நான் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால், "ஏய், இது ஊர் பூரா கேக்கும்" என்றேன்.

"கேக்கட்டும். அப்பாவும் சாப்பிட்டுக்கிட்டுதானே கேப்பாரு."

மத்தியானம் அறிவிப்பாளர் தன் வழக்கமான இழுவைக் குரலில் வாசித்தார். "கோய்ஹைக்கேயில் இருக்கும் நிவால்தோவுக்கு, தங்கை ரொசேந்தா அறிவிப்பது: என் ஆடுகள் போட்ட குட்டிகளின் காதில் அப்பா உன் வெட்டைப் போட்டிருக்கிறார். அதனால் அவை உன் ஆடுகள். பனியில் கிடக்கின்றன. உடனே வந்து புல் சுமக்கவும். பாதை போடவும். தொட்டியில் ஐஸ் உடைக்கவும். இன்றிலிருந்து நான் செய்ய மாட்டேன். உன் பூட்ஸ் கதவுக்குப் பின்னால் இருக்கிறது."

பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் கரண்டி அந்தரத்தில் நின்றிருக்கும். அந்த வீட்டில் என்ன நடந்ததென்று பிறகு ஒர்ஃபெலினாவே சொன்னாள். லிசாந்த்ரோ ரேடியோவை அணைக்கக் கையை நீட்டியிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதிரே குரலே எழுப்பாத ஒர்ஃபெலினா, சூப்புக் கரண்டியால் அவன் விரலில் ஓங்கி ஒன்று போட்டாளாம். "பேசட்டும். எம்பொண்ணு பேசறா" என்றாளாம்.

அப்போதுதான் என் அடுப்பருகே இருந்தவளின் காலைக் குனிந்து பார்த்தேன். ரொசேந்தா கால் முழுக்கச் சாக்குத்துணி சுற்றியிருந்தாள். பூட்ஸை நிஜமாகவே வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், பாவி! விரல் உறைந்து போயிருந்தால் யார் பதில் சொல்வது? அன்றைக்கு அவளுக்கும் என்னிடம் நல்ல திட்டு விழுந்தது.

சாயங்காலத்துக்குள் லிசாந்த்ரோ குதிரையில் வந்து கதவை இடித்தான்.

"என் மானத்தை ரேடியோவுல ஏத்திட்டியே, எர்மினியா! உனக்கு இதுதான் வேலையா?"

"ஆமா, இதுதான் வேலை. குடுக்கற சேதியை அனுப்பறேன். உன் காசுல இல்ல, கவர்மென்ட் பேட்டரியில. அதுல ஒரு வார்த்தை பொய்யின்னு சொல்லு, நாளைக்கே மறுப்பு அனுப்பறேன்."

அவன் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினான். "கெளம்புடி. ஆடுங்க பட்டினி கெடக்குது."

"யாரோட ஆடுங்க?"

"வீட்டு ஆடுங்க!"

"நேத்து கொட்டகை வாசல்ல நின்னுகிட்டு வீட்டு ஆடுன்னா பாத்தீங்க? காதைத் திருப்பித் திருப்பித்தானே பாத்தீங்க? காதுக்காரன் வந்து பாக்கட்டும்."

அவன் கையை ஓங்கினான். நான் நடுவில் வந்து நின்றேன். என் உடம்பு சைஸுக்கு என்னைத் தாண்டி அடிப்பது கஷ்டம். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். "அண்ணன் வருவான் பாரு, வந்து உன் திமிரை அடக்குவான்" என்று வாசலில் நின்று கத்திவிட்டுத்தான் போனான்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என் ஆடுங்களும்தான் அங்க நிக்குது அத்தை. மிச்சம் இருக்கறது."

"போறியா அப்போ?"

"மாட்டேன். இப்பப் போனா செத்தாலும் எனக்கு இல்ல, பொழைச்சாலும் எனக்கு இல்ல."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஒரு குழந்தை, தான் பால் கொடுத்து வளர்த்ததையே பணயம் வைத்துத்தான் தன்னுடையதைக் கேட்க வேண்டுமென்றால் அது என்ன வீடு? என்ன தகப்பன்? ஊரிலுள்ள மற்ற ஆண்களும் ஒன்றும் உசத்தி இல்லை. மறுநாள் களிம்பு வாங்க வந்த செலெதோனியோ, "பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆகாது" என்று ஆரம்பித்தான். "உன் மாமியாரைத் திரும்பக் கூட்டிட்டு வந்ததே அவ போட்ட பாதையிலதான். மூடிக்கிட்டுக் களிம்பை எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். போனான்.

நிவால்தோவின் பதில் அன்று மத்தியானமே வந்தது. அவன் வருவான் என்று நான்கூட ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன். "பாஹோ ஓந்தோ லிசாந்த்ரோவுக்கு, மகன் நிவால்தோ அறிவிப்பது: எனக்கு அங்கே ஆடு எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. என் காது வெட்டுள்ளதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே வேலை அதிகம். வர இயலாது. பூட்ஸ் வேண்டாம்."

ரொசேந்தா சிரிப்பாள் என்று நினைத்தேன். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்" என்று மட்டும் சொன்னாள். தனக்குக் கிடைத்தது அண்ணன் வீசிய மிச்சம் என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கொடுப்பதற்கு அவன் யார்?

லிசாந்த்ரோ மறுபடி வந்தான். இந்தத் தடவை கதவை இடிக்கவில்லை. தாடியெல்லாம் வெள்ளையாக உறைந்து, வாசலிலேயே நின்றான். கையில் மகனுடைய பூட்ஸ். உள்ளே வரச் சொன்னேன். மாத்தே ஊற்றவில்லை. அவனும் அதைக் கவனித்தான். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"வீட்டுக்கு வா" என்றான் மகளிடம். "எல்லாம் உன்னுதுன்னே வச்சுக்கோ."

"வச்சுக்க மாட்டேன். அண்ணன் ரேடியோவுல சொன்னான். நீங்களும் சொல்லுங்க."

"எர்மினியாவுக்கு முன்னால சொல்றேனே, போதாதா?"

"அவங்களுக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்த பெண், சொல்லுங்கள் என்றாள். லிசாந்த்ரோ ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். பாஹோ ஓந்தோ மக்களுக்கு லிசாந்த்ரோ அறிவிப்பது. என் மகள் ரொசேந்தாவின் ஆடுகள் போட்ட குட்டிகள் ரொசேந்தாவுக்கே சொந்தம். அவற்றின் காதில் நிவால்தோவின் வெட்டைத் தவறுதலாகப்...

"தவறுதலா இல்ல" என்றாள் ரொசேந்தா.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "தவறுதலா ஒண்ணு வெட்டலாம்ப்பா. ரெண்டு வெட்டலாம். என் ஆடு போட்ட குட்டியா பாத்துப் பாத்து, ஒண்ணு விடாம வெட்டியிருக்கீங்க. தெரிஞ்சே வெட்டுனீங்க. அதைச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்துப் பெண், "எர்மினியா, இருக்கீங்களா?" என்றாள். நான் இருக்கிறேன் என்றேன். அடுப்பில் விறகு வெடித்தது. லிசாந்த்ரோ பூட்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். அவன் திரும்பிப் போய்விடுவான் என்றே நினைத்தேன். போயிருந்தால் அவன் முகத்தில் நான் ஜென்மத்துக்கும் விழித்திருக்க மாட்டேன்.

"தெரிஞ்சேதான் வெட்டினேன்" என்றான்.

நான் அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கத்துப் பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு, எழுதிக்கொண்டதாகச் சொன்னாள்.

அதோடு அவன் நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலே வாய் திறந்தது. "அவனுக்குன்னு ஆடு இருந்தா திரும்பி வருவான்னு நெனச்சேன். வேலி மேல ஒக்காந்திருந்தான்ல, அன்னிக்கு... இவ எப்படியும் இங்கதானே இருப்பா, எங்க போயிடப் போறான்னு நெனச்சேன்." கிழவனாகத் தெரிந்தான்.

என் விரல் இன்னும் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. "இதையும் அனுப்பட்டுமா?" என்று ரொசேந்தாவைக் கேட்டேன்.

அவள் தகப்பன் கையிலிருந்து பூட்ஸை வாங்கி, காலில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்து, விரல் பக்கம் கம்பளியை அடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை.

"வேணாம் அத்தை. வெட்டுனதைச் சொன்னாரே, அது போதும். இது ஊருக்கு எதுக்கு?" என்றாள். எழுந்து, காலை உதைத்துப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். "வாங்கப்பா. இருட்டறதுக்குள்ள புல்லு போடணும்."

நானாக இருந்தால் அதையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்பேன்.